இருளாயியின் கண்ணாடி

திம்புள்ளைத் தேயிலைத் தோட்டத்தில் இருளாயியின் கண்ணுக்கு இணையே கிடையாது. அவள் முறைத்தால் கங்காணியின் குடைகூடத் தானாக மடங்கும். கண்ணுக்குள்ளேயே லென்சு வைக்கும் வித்தை வராத காலத்தில், அந்தக் கண்ணில் புரை விழுந்தது. "ஆப்பரேசன் பண்ணி கட்டு அவுத்தா அன்னைக்கே பளிச்சுன்னு தெரியும்மா" என்று சத்தியம் செய்தவன், இதை எழுதுகிற மகன்தான்.

அதை நம்பி, தலை அசையாதிருக்க இருபுறமும் மணல்மூட்டை வைத்து, இருமலையும் விழுங்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் மல்லாந்து கிடந்தாள். கட்டை அவிழ்த்தார்கள். வெறும் மூட்டம்.

"புண்ணு ஆறி, தடிக் கண்ணாடி போட்டாத்தான் தெரியும். ஒங்க மகன்கிட்ட மொதல்லயே சொன்னேனே" என்றார் டாக்டர்.

கண்ணாடி என்றால் வரமாட்டாள் என்றுதான் மறைத்திருந்தான். "பெத்தவளையே ஏமாத்திட்டியேடா" என்றவள், பிறகு அவனோடு பேசவேயில்லை.

ஒருவழியாகக் கண்ணாடி வந்தது. மாட்டிக்கொண்டு லயத்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். கடைசியில் அவனைப் பார்த்தாள்.

"என்னடா, அழுவுறியா?"

"அடுப்புப் புகைம்மா."

"அடுத்த புளுகா? அடுப்புல பூனை தூங்குதுடா."