கொதிக்கும் தொட்டிக்கு எதிர்ப்புறம்

டேனியலுக்கு வலிப்பு வருமுன் இடது கட்டைவிரல் துடிக்கும். துடித்தபின் முப்பது எண்ணுவதற்குள் விழுந்துவிடுவான். வீட்டில் விழுந்தால் பாய் இருக்கிறது, தெருவில் விழுந்தால் மண் இருக்கிறது. அவன் வேலை பார்த்த இடத்திலோ இடுப்பு உயரத்துக்கு ஒரு செம்புத் தொட்டி, அது நிறையக் கொதிக்கிற சாயத் தண்ணீர்.

முசரவாக்கத்துக்காரன் காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறைக்கு வந்து சேர்ந்த கதையைக் கேட்டால் வயிறு எரியும். பத்தொன்பது வயதில் முதல் வலிப்பு. வாலாஜாபாத்தில் ஒரு அரிசி ஆலையில் விழுந்தபோது இரும்புச் சாவிக்கொத்தை உள்ளங்கையில் திணித்தார்கள். எழுந்ததும் அதைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்துப் போன இரண்டு இடத்திலும் அதே கூத்து. மனுஷன் என்ன தொற்றுநோயா கொண்டுவந்தான்? பிறகு அரசு ஆஸ்பத்திரி மாத்திரையை இருவேளையும் தவறாமல் போட்டான். வலிப்பு அடங்கிற்று. கல்யாணம் ஆயிற்று, மகள் அபி பிறந்தாள். பட்டறையில் மட்டும் அவன் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நாலாவது வேலையும் போய்விடும் என்ற பயம்.

சாயம் ஏற்றுவது இரண்டு பேர் வேலை. கோலில் மாட்டிய பட்டுநூலைத் தொட்டிக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன் நின்று புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் நிறம் திட்டுத்திட்டாகிவிடும். எதிர்ப்புறம் நின்றவன் இளவரசன், வாய் ஓயாதவன்.

போன ஆடியில் அபிக்குக் காய்ச்சல். டேனியலுக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் காலை விரல் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா நின்றான், பாவி. அரக்குச் சாயம் தளதளவென்று கொதித்தது. கோல் நழுவியது, தலை தொட்டிப் பக்கம் சாய்ந்தது. இளவரசன் தாவிச் சட்டையைப் பற்றி இழுத்துக் கீழே தள்ளினான். தள்ளியவன் கை முழங்கைவரை வெந்துபோயிற்று.

"இத்தினி நாளா மறைச்சிக்கினு நின்னியேடா! என் கண்ணெதிர்லயே வெந்து செத்திருப்பியே!" என்று கையில் கட்டோடு வந்து அழுதான் இளவரசன்.

டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், நெருப்புப் பக்கம் போகாதே என்றார். போகாமல் எங்கே போவான்? பட்டறைக்காரர் கோதண்டபாணியும், "ஆளை மாத்திடலாம்பா" என்றார்.

"வேணாம் மொதலாளி. வெரலு துடிச்சா இவன் சொல்லட்டும், நான் இஸ்த்துக்கினு போயிடறேன்" என்றான் இளவரசன்.

இளவரசன் கை ஆறி வேலைக்குத் திரும்பி ஒரு மாதம் கழித்து விரல் துடித்தது. "நிறுத்து!" என்று கத்தினான் டேனியல். பாதிச் சாயத்தில் கோலைப் போட்டுவிட்டு இளவரசன் அவனை வாசல் மண்ணில் கொண்டுபோய் உட்காரவைத்தான். பத்து நிமிடம் ஆயிற்று. ஒன்றும் வரவில்லை. உள்ளே ஒரு முகூர்த்தப் புடவைக்கான நூல் திட்டுத்திட்டாய்த் தொங்கியது. கோதண்டபாணி அதைத் தடவிப் பார்த்தார், கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தாலாவது தேவலை.

"இனிமே நிச்சயமா வருதுன்னு தெரிஞ்சாத்தான் சொல்லுவேன்" என்றான் டேனியல்.

இளவரசனுக்கு வந்ததே கோபம்! "நிச்சயமா தெரியிற அன்னிக்கு நீ தொட்டிக்குள்ள இருப்படா. நூறு தபா பொய்யா கத்து. நூறு தபாவும் வரேன்."

அதன் பிறகு இளவரசன் பேச்சையே குறைத்துக்கொண்டான். கண் எந்நேரமும் அந்த விரல் மேலேயே இருந்தது. பட்டறையில் யாராவது ஒரு பாத்திரத்தைத் தடாலென்று வைத்தால்கூட எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

அடுத்த வாரமே மறுபடி துடித்தது. தொட்டியில் இருந்தது கெட்டுப்போன புடவைக்கு மாற்று நூல். இதையும் கெடுத்தால் கோதண்டபாணி என்ன சொல்வார்? துடிப்பு பொய்யாகவும் இருக்கலாமே? டேனியல் எண்ணத் தொடங்கினான். ஒன்று, இரண்டு, மூன்று. ஆவி முகத்தில் அடித்தது. ஏழில் கத்திவிட்டான்.

கண் விழித்தபோது வாசல் மண்ணில் ஒருக்களித்துக் கிடந்தான். நாக்கு கடிபட்டு எரிந்தது. இளவரசன் காலடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். தலைக்கடியில் யாருடைய மடியோ இருந்தது.

"நூலு?" என்றான் டேனியல்.

"போச்சு" என்றது மேலிருந்து கோதண்டபாணியின் குரல். "போனா போவுது. நீ அசையாம படுபா."