இடப்பக்கத்துக் குடல்வால்

நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை மருத்துவராகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எனக்குப் பிடிபடாத வயிறு இந்த மாவட்டத்திலேயே கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பைக் குலைத்தவர் குலசேகரத்திலிருந்து வந்த, ரப்பர் பால் வெட்டும் ஒரு பெண்.

நாற்பது வயதிருக்கும். முந்தின நாள் தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி, காலையில் இடது அடிவயிற்றில் வந்து நின்றிருந்தது. வாந்தி, காய்ச்சல். இதுவே வலது பக்கம் என்றால் மருத்துவ மாணவன்கூடக் குடல்வால் வீக்கம் என்று சொல்லிவிடுவான். இடது பக்கம் என்பதால் யோசிக்க வேண்டியிருந்தது. நான் யோசிக்காமல் சிறுநீரகக் கல் என்றேன்.

"சாரே, எனக்க நெஞ்சு வலத்த பக்கமாக்கும் இருக்கு" என்றார் அவர். எப்போதோ ஒரு மருத்துவ முகாமில் மார்பைப் படம் எடுத்தபோது, இதயம் வலப்பக்கம் இருப்பதாகச் சொன்னார்களாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. போனில் எதையாவது பார்த்துவிட்டு வந்து மருத்துவருக்கே பாடம் எடுப்பவர்களைப் பற்றி என்னிடம் ஒரு சொற்பொழிவு உண்டு. அதில் பாதியை நிகழ்த்தினேன். வலியைப் பொறுத்துக்கொண்டு கேட்டார், பாவம். பிறகு ஸ்டெதாஸ்கோப்பை இடது மார்பில் வைத்தேன். துடிப்பு சரியாகக் கேட்கவில்லை. ஃபேனை நிறுத்தச் சொன்னேன். அப்போதும் கேட்கவில்லை. ஸ்டெதாஸ்கோப் பழசாகிவிட்டது என்று முடிவு செய்தேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று எடுக்கச் சொன்ன மார்பு எக்ஸ்ரே வந்தது. இதயம் வலப்பக்கம் இருந்தது. படம் எடுத்தவரைக் கூப்பிட்டு, இடம் வலம் தெரியாதவரை யார் வேலைக்கு வைத்தது என்று கேட்டேன். படத்தில் பக்கம் காட்டும் குறியைச் சரியாகத்தான் வைத்ததாக அவர் சொன்னார். மறுபடி எடுக்க வைத்தேன். இதயம் இடம் மாறவில்லை.

படுத்திருந்தவர் என் கையைப் பிடித்து ஸ்டெதாஸ்கோப்பைத் தன் வலது மார்பில் வைத்தார். "இங்கன வச்சுக் கேளுங்க." துடிப்பு தெளிவாகக் கேட்டது. எனக்குக் காது சுட்டது.

ஸ்கேனில் ஈரல் இடப்பக்கம், மண்ணீரல் வலப்பக்கம். குடல்வால் இடது அடிவயிற்றில் வீங்கி, வெடிக்கும் நிலையில் இருந்தது. உறுப்புகள் இப்படிப் பக்கம் மாறியிருப்பது பற்றிப் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி உண்டு. நான் அதைத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

உடனே அறுவை அறைக்குக் கொண்டுபோனோம். பழக்கதோஷத்தில் தவறான பக்கம் போய் நின்றேன். நர்ஸ் மெதுவாக என்னை எதிர்ப்பக்கத்துக்கு நகர்த்தினார். கைகள் தடுமாறின. வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் பிடித்தாலும், குடல்வால் உடையாமல் வெளியே வந்தது.

மூன்றாம் நாள் மருத்துவமனைக் கூட்டத்தில் தலைமை மருத்துவர் என்னைப் பாராட்டினார். எப்படிச் சந்தேகம் வந்தது என்று ஒருவர் கேட்டார். "அனுபவம்" என்றேன். கை தட்டினார்கள். எக்ஸ்ரே எடுத்தவர் மட்டும் தட்டவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது, உறுப்புகள் பக்கம் மாறியிருக்கின்றன என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அடுத்து எந்த மருத்துவரிடம் போனாலும் இதைக் காட்டவேண்டும் என்றேன். அவர் தமிழில் எழுதித் தரச் சொன்னார். மருத்துவர்கள் ஆங்கிலத்திலேயே வாசித்துக்கொள்வார்களே என்றேன்.

"அவிய வாசிக்கமாட்டாவ சாரே. தமிழ்ல இருந்தா நான் வாசிச்சுக் காட்டுவேன்."

பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒரு முறை முழுதாக வாசித்துச் சரிபார்த்துவிட்டுத்தான் மடித்துப் பைக்குள் வைத்தார்.