பேசாத முதல் கட்டை

கருப்பண்ணன் எதை எண்ணினாலும் ஒன்று என்று தொடங்கமாட்டார். "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் போவார். களத்தில் நெல் அளக்கிறவர்கள் அப்படிச் சொல்வது அந்தப் பக்கத்தில் வழக்கம்தான். ஆனால் அரியலூர் கூட்ஸ் ஷெட்டில் சிமெண்ட் மூட்டை தூக்கும்போதும் அதையே சொன்னவர் அவர் ஒருவர்தான். பீடிக்கட்டைப் பிரித்தால் முதல் பீடியும் லாபம். அவர் லாபம் என்னும்போதெல்லாம் கூட்ஸ் கிளார்க் தர்மன் யோசிக்காமல் நோட்டில் ஒரு கோடு போடுவான். நான்கு வருஷமாக அப்படித்தான்.

தர்மன் சிறுவாச்சூர்ப் பக்கத்துக் கூலிக் குடும்பத்துப் பிள்ளை. அவர்கள் தெருவில் பி.எஸ்ஸி. முடித்த முதல் ஆள். எழுபத்தெட்டில் வேலை கிடைத்து அரியலூர் வந்து, ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்தான். ஊருக்குப் போனால், கூட விளையாடியவர்களே எழுந்து நின்றார்கள். ஆபீசிலோ, சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கிற நேரத்தில் யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை. படித்ததால் எங்கே போய்ச் சேர்ந்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

பெரம்பலூரில் ஒரு நாடகக் கோஷ்டி கலைந்தபோது அவர்களுடைய ஆர்மோனியம் பழைய சாமான் கடைக்கு வந்தது. பேச்சுத்துணைக்காவது ஆகட்டும் என்று வாங்கினான். கல்லூரி ஹாஸ்டலில் கொஞ்சம் பழகியிருந்தான். நல்ல குரல் அதற்கு. இடது கை ஓரத்து முதல் கட்டை மட்டும் பேசவில்லை. அழுத்தினால் காற்றுகூட வராது.

திருச்சியில் ரிப்பேர்காரர் பிரித்துப் பார்த்தார். அந்தக் கட்டைக்கு அடியில் ரீடு, சத்தம் எழுப்பும் பித்தளை நாக்கு, இல்லை. கழன்று போகவில்லை, ஆரம்பத்திலிருந்தே போடவே இல்லை, ஆணி அடித்த தடமே காணோம் என்றார். வெளியே கடைப்பெயர்த் தகடும் கிடையாது. உள்ளே எந்த அளவும் எந்தக் கடை அளவோடும் ஒத்துவரவில்லை. செய்தவனே வந்து போட்டால்தான் பொருந்தும் என்று கையை விரித்துவிட்டார். ரீடு இல்லாத அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் மட்டும் உளியால் ஓர் எழுத்து செதுக்கியிருந்தது: லா. மற்றப் பள்ளங்களில் இருந்த கரிக்கோல் எழுத்தெல்லாம் அழிந்திருந்தது.

பெரம்பலூரில் பாலசுந்தரம் என்று பழைய பேண்டு மாஸ்டர் ஒருவர் இருந்தார். அவர் அதைப் பார்த்ததும் தயங்கவே இல்லை. தோ, ரே, மி, பா, சோ, லா, வெள்ளைக்காரன் ஸ்வரம், பாதிரிமாரிடம் தொழில் கற்ற பாண்டிச்சேரி ஆசாரி வேலை என்றார். தர்மன் ரயில்வே பாஸில் இரண்டு தடவை பாண்டிச்சேரி போனான். கடை கடையாக ஏறி இறங்கினான். ஒருவருக்கும் தெரியவில்லை.

எண்பத்திரண்டு புரட்டாசியில் ஒருநாள் வேகன் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்த மேஸ்திரி சிங்காரவேலுவுக்குக் கருப்பண்ணனின் எண்ணிக்கை பிடிக்கவில்லை.

"யோவ், சிமெண்டுல ஒனக்கு என்னய்யா லாபம்? முதலாளிக்குத்தான்யா லாபம். ஒண்ணுன்னு சொல்லு."

ஆட்கள் சிரித்தார்கள். கருப்பண்ணன் மூட்டையை இறக்காமலே சொன்னார். "ஒண்ணுன்னு ஆரம்பிச்சா ஒண்டியாப் போயிடும்ங்க."

வீடு வாசல், பெண்டாட்டி பிள்ளை எதுவும் இல்லாத மனிதர் இதைச் சொன்னதற்கு இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள். தர்மன் சிரிக்கவில்லை. போட வந்த கோடு பாதியில் நின்றுவிட்டது. அவன் அம்மாவுக்குக் கூலிநெல் அளந்தபோதெல்லாம் முதல் மரக்காலுக்குக் கேட்ட சொல்தானே அது. பிறந்ததிலிருந்து காதில் விழுந்த சொல்லின் முதல் எழுத்தான லாவைப் பள்ளத்தின் ஓரத்தில் கண்ணால் பார்த்தபோது, பாண்டிச்சேரிக்கு ரயில் ஏறியிருக்கிறான்.

வேலை முடிந்ததும் அவரைத் தனியே கூப்பிட்டான். "அண்ணே, நீங்க ஆர்மோனியம் ஏதும் செஞ்சிருக்கீங்களா?"

கையில் ஒட்டியிருந்த சிமெண்டைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "மொதக் கட்டை இன்னும் பேசலீங்களா?"

அறைக்கு வந்தவர் வாசலிலேயே நின்றார். தர்மன் பாயை விரித்து இரண்டு தடவை சொன்ன பிறகுதான் அவர் ஓரத்தில் உட்கார்ந்தார். திருச்சியில் ஓர் ஆர்மோனியப் பட்டறையில் பதினோரு வருஷம் பலகை அறுத்தாராம். அறுப்போடு சரி, செய்ய விட்டதில்லை. கழித்துப் போட்ட மரத்திலும் பித்தளைத் துண்டிலும், வேலை நேரம் போக, ஒன்றே ஒன்று செய்தார். முதல் கட்டை ரீடுதான் எல்லாவற்றிலும் பெரியது. அதற்கு மட்டும் துண்டு பற்றவில்லை. கழிவில் செய்தது கடைப்பெயரைத் தாங்காது என்று முதலாளி தகடு தரவில்லை. நாடகக்காரர்களிடம், பிறகு வந்து போட்டுத் தருகிறேன் என்று சொல்லிக் கொடுத்தாராம். அடுத்த வருஷம் பட்டறையை மூடிவிட்டார்கள்.

"உங்க பேரையாவது எழுதியிருக்கலாமே?"

"எம்பேரைப் பாத்தா யாரு சார் வாங்குவா?"

அந்தப் பெயர் எந்தத் தெருவைச் சொல்லும் என்று தர்மனுக்குத் தெரியும். அவனும் அப்படி ஒரு தெருதான். பிறகு கொஞ்சம் வாசித்தான். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே வாசிப்பைக் கேட்டார். "மத்ததெல்லாம் பேசுது" என்றார். வாசிக்க அவருக்குத் தெரியாது.

முன்பலகையில் இப்போது பெயரை எழுதிவிடலாம் என்று தர்மன் பேனாவை எடுத்தான். அவர் தடுத்துவிட்டார். "குறையா இருக்கறதுல பேர் போடக்கூடாது சார். தை பொறக்கட்டும். ரீடைப் போட்டுத் தரேன், அப்பறம் எழுதுங்க." துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, பள்ளத்தை அளந்து ஒடித்து, காதில் செருகிக்கொண்டு போனார்.

மார்கழியில் தர்மன் நான்கு நாள் லீவில் ஊருக்குப் போயிருந்தான். திரும்பியபோது, காய்ச்சலில் கருப்பண்ணன் போய்விட்டார், ஷெட்டு ஆட்களே எடுத்து எரித்துவிட்டார்கள் என்றார் சிங்காரவேலு. ஓர் ஈர்க்குச்சியைப் பார்த்தீர்களா என்று தர்மன் கேட்டான். சிங்காரவேலு அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இன்னொரு ஈர்க்கில் அவனே அளவெடுத்து வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. சரியா என்று இன்றைக்கும் அவனுக்குத் தெரியவில்லை. வாசிக்க உட்காரும்போதெல்லாம் இடது ஓரத்துக் கட்டையைத்தான் முதலில் அழுத்திப் பார்க்கிறான். கருப்பண்ணன் தரவேண்டிய ரீடு வரவில்லை. முன்பலகையில் இன்னும் யார் பெயரும் இல்லை.