ரேவதியின் படம் இல்லாத பேனர்

1. சேலையில் நான்

ஜார்ஜ்டவுனில் ஒரு டயாலிசிஸ் நிலையத்துக்கு நிதி திரட்டும் வேலை பார்த்தேன். கோயில் திருவிழா, தேவாலயச் சந்தை, நன்கொடை விருந்து எல்லாம் எனக்குப் பழக்கம். காமிக்ஸ், கார்ட்டூன் ரசிகர்கள் கூடும் கன்வென்ஷனுக்கு அனுப்பியபோதுதான் திகைத்துப் போனேன். மண்டபம் முழுக்க கதாபாத்திர வேஷத்தில் வாளும் இறக்கையும் கட்டிய இளைஞர்கள். நடுவில் சேலையில் நான், மேசைமேல் உண்டியலும் ஒரு நோயாளியின் படமும். மதியம்வரை யாரும் என் பக்கம் வரவில்லை.

சாம்பல் நிறக் கவசம் அணிந்த ஒரு பெண் வந்து நின்றாள். ஃபோம் அட்டையில் அவளே வெட்டி, ஒட்டி, சாயம் பூசிய கவசம்.

"அக்கா, நோயாளி படத்த வச்சிக்கிட்டு உக்காந்தா இங்க யாரு வருவா? உண்டியல என்கிட்ட குடுங்க லா. என்னோட போட்டோ எடுக்கறவங்க போடட்டும்."

அவள்தான் ரேவதி. பாலிக் புலாவ் ஊர்ப் பெண். செபராங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. அவளுடைய நண்பர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஓவியர்கள் ஆளுக்கொரு படம் கொடுத்தார்கள். அவற்றை மேடையில் ஏலம் விட்டோம். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதே முறைதான்.

2. தலைவரின் யோசனை

பிறகு ரேவதியின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. எங்கள் நிலையத்துக்கே சிகிச்சைக்கு வந்தாள். நிலையத் தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணு மெஷின்ல படுத்திருக்கற படத்த பேனர்ல போடு, சாந்தி. அவள அங்க எல்லாருக்கும் தெரியும். கலெக்ஷன் அள்ளும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்னொரு இயந்திரம் வாங்க வேண்டியிருந்தது. இடம் கிடைக்காமல் திரும்பிப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். ரேவதியிடம் கேட்டேன்.

"வேணாங்க்கா. வீட்டுல, ஆபீஸ்ல, எங்க போனாலும் நான் நோயாளி. அங்க மட்டுந்தான் இல்ல. அதையும் எடுத்துடாதீங்க."

தலைவர் முணுமுணுத்தபடி விட்டுவிட்டார். அந்த ஆண்டும் கவசத்தோடு வந்தாள். நிற்க முடியவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தே எல்லாருடனும் படம் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த கன்வென்ஷனுக்கு அவள் இல்லை.

3. அம்மா

"இப்பதான் அவ இல்லையே. இனிமே யாருக்கு வலிக்கப் போவுது? அவ அம்மாகிட்ட கேட்டுட்டுப் போட்டுடு" என்றார் தலைவர்.

பாலிக் புலாவுக்குப் போனேன். தலைவர் கேட்டதையும் ரேவதி மறுத்ததையும் அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன்.

"அவ வேணாம்னா வேணாம்மா. ஆனா அந்த எடத்த நான் பாக்கணும். வேஷம் கட்டிக்கிட்டுத் திரியறாளேன்னு திட்டிக்கிட்டே இருந்தேன். ஒரு தடவகூட போய்ப் பாத்ததில்ல."

எந்தப் படமும் போடாமல், நிலையத்தின் பெயர் மட்டும் எழுதிய பேனரோடு மேசை போட்டோம். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். யாரென்று தெரிந்ததும் வாள்காரர்களும் இறக்கைக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து, தங்கள் கைப்பேசியில் ரேவதியைக் காட்டினார்கள். எல்லாவற்றிலும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இப்படியா சிரிப்பா?" என்று அம்மா என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார்.

வசூல் குறைந்தது. இயந்திரம் தாமதமாகத்தான் வந்தது. அதற்குள் இடம் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதும் என் மனத்தில் இருக்கிறது. ஆனாலும் இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒருவரின் துன்பத்தைக் காட்டி நிதி கேட்குமுன் அவரிடம் அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால், அவர் இறந்த பிறகும் அதற்கு வேண்டாம் என்றுதான் அர்த்தம்.