இறங்காத சுழியோடி

கடல் சூழ்ந்த தீவில் பிறந்தும் நீந்தத் தெரியாமல் கனடாவுக்கு வந்தவன் நான். நீச்சல் பழகியது ஸ்காபரோவில், முப்பது வயது கடந்தபிறகு, காற்றடைத்த பட்டி கட்டிய சின்னப் பிள்ளைகளோடு. பிடித்த விசர் அத்தோடு விடவில்லை. மார்க்கம் நகரில் நான் வேலை செய்த தொழிற்சாலையின் சுப்பவைசர் ஒரு சுழியோடி. இரண்டு கோடைகளில் என்னையும் முதுகில் சிலிண்டரோடு ஏரிக்குள் இறக்கிப் பழக்கிவிட்டார். பிறகு ஒருநாள், குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் ஐஸில் துளை வெட்டி அதற்குக் கீழேயும் இறங்குவோம், வருகிறாயா என்று கேட்டார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வீட்டில் சொன்னேன்.

"அந்தாளுக்கு விசர். உங்களுக்கு என்ன வருத்தம் பிடிச்சது?" என்றாள் மனைவி. கோபம் வந்தால் அவள் சத்தம் போடமாட்டாள், வெங்காயம் வெட்டும் வேகம்தான் கூடும். வெட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "ஐஸுக்குக் கீழை இறங்கமாட்டன் எண்டு என்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினேன். இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கையில்லை என்று வெளியில் சொல்லித் திரிகிறவன்தான். ஆனாலும் அவளுடைய தலை அல்லவா.

சுப்பவைசர் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "அப்படியென்றால் நீ காவலுக்கு இரு" என்றார். கீழே ஒருவர் இறங்கும்போது, இன்னொருவர் முழு உடுப்போடும் துளையின் ஓரத்தில் தயாராக உட்கார்ந்திருக்க வேண்டும். கீழே ஏதும் பிசகினால் மட்டுமே அவர் இறங்குவார். அதற்கும் பயிற்சி வேண்டுமென்று, என் நீச்சல் கண்ணாடியைக் கறுத்த ஒட்டுநாடாவால் மூடி, நீச்சல் குளத்தில் கயிற்றைத் தடவித் தடவி ஆளைத் தேடப் பழக்கினார். நல்லபடி நடக்கும் நாளில் காவலாளுக்கு வேலையே கிடையாது. எனக்கென்றே செய்த உத்தியோகம்.

"சும்மா இருக்கிறதெண்டால் இருங்கோ. அது உங்களுக்கு வரும்தானே" என்று மனைவியும் அனுமதித்தாள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் இருந்தேன். ஒரு ஞாயிறு, நான் உண்மையாகவே சும்மாதான் இருக்கிறேனா என்று பார்க்க அவளும் வந்தாள், தேத்தண்ணீர்ப் போத்தலும் மட்டன் ரோல்ஸும் எடுத்துக்கொண்டு. கூட்டாளிகள் எல்லோருமாக ஐஸின் தடிப்பை அளந்து, வாளால் முக்கோணமாகத் துளை வெட்டினோம். துளையிலிருந்து நாலா பக்கமும் வண்டிச் சில்லின் கம்பிகள் போல ஸ்னோவை வழித்துக் கோடுகள் போட்டோம். வழித்த இடத்தால் வெளிச்சம் இறங்கும், கீழே இருப்பவர் அதைப் பார்த்துத் துளைக்கு வழி கண்டுபிடிக்கலாம்.

"வடிவாய்க் கோலம் போடுறியள். வீட்டிலை ஒரு நாள் கூட்டத் தெரியாது" என்றாள்.

பிறகு உடுப்பு. கம்பளி இரண்டு அடுக்கு, அதன் மேல் தண்ணீர் புகாத உடுப்பு, நெஞ்சைச் சுற்றிப் பட்டி, பட்டியில் கயிறு. கயிற்றைப் பட்டியில் மாட்டும் கொளுவியை நான் பூட்டினால் போதாது, இன்னொருவர் இழுத்துப் பார்க்க வேண்டும். மூச்சுக் கருவியை வெளியில் வைத்து ஊதிப் பார்க்கக்கூடாது, மூச்சின் ஈரம் உறைந்தால் வால்வு திறந்தபடி நின்றுவிடும். கையுறை போட்டபிறகு என்னால் ரோல்ஸைப் பிடிக்க முடியவில்லை. அத்தனை பேருக்கும் முன்னால் அவள்தான் ஊட்டிவிட்டாள்.

சுப்பவைசர் இறங்கினார், அவருடைய கயிற்றின் மறுமுனையை மேலே ஒருவர் பிடித்திருந்தார். கயிற்றை ஒருமுறை இழுத்தால் சுகமா என்று கேள்வி, திருப்பி ஒருமுறை இழுத்தால் சுகம் என்று பதில். சிறிது நேரம் அப்படியே போனது. திடீரென்று கயிறு படபடவென்று துடித்தது, அதற்கு ஆபத்து என்று அர்த்தம். கயிறு பிடித்தவர் இழுத்தார், வரவில்லை. கீழே எதிலோ சிக்கியிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் மனைவியைப் பார்த்தேன். சுப்பவைசரும் வேண்டும், அவள் தலையும் வேண்டும்.

"என்னை என்ன பார்க்கிறியள்? என்ரை தலையை நான் பார்த்துக்கொள்ளுறன். நீங்கள் இறங்குங்கோ."

இறங்கினேன். அவருடைய கயிற்றைப் பிடித்துக்கொண்டே போனேன். அடியில் கிடந்த மரத்தின் கிளையில் கயிறு சுற்றியிருந்தது. முதல் கருவி உறைந்து காற்றைக் கொட்டிக்கொண்டிருக்க, மனுஷன் மாற்றுக் கருவியால் மூச்சு விட்டபடி நின்றார். கயிற்றை விடுவித்தேன். மேலே இருந்தவர்கள் இருவரையும் இழுத்தெடுத்தார்கள். அவர் முதலில் கேட்டது தேத்தண்ணீர்.

என் கயிற்றைப் பிடித்த பெடியனுக்குப் பின்னால் மனைவியும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெடியன் விட்டான். அவள் விடவில்லை. கண்ணாடியைக் கழற்றியபோது எனக்கு அழுகை வந்தது, ஏரித் தண்ணீர் என்று துடைத்தேன்.

"முடிஞ்சுது. கயிற்றை விடும்" என்றேன்.

"பேசாமல் நடவுங்கோ. ஐஸ் முடியுமட்டும் விடமாட்டன்."

கரைக்கு நல்ல தூரம். கூட்டாளிகள் எல்லோரும் பார்த்துச் சிரிக்க, ஆட்டைக் கட்டி இழுத்துப் போவதுபோல என்னை அவள் கயிற்றில் நடத்திக்கொண்டு போனாள். நெஞ்சிலிருந்த கொளுவியைக் கழற்ற ஒரு நொடி போதும். நான் கழற்றவில்லை.