பத்திலிருந்து அளந்த கோல்

ஃபிர்மின் தேலன் சொன்னால் சொன்னதுதான். கெம்பன் என்னும் மணற்காட்டில் பழைய மோட்டார் சைக்கிள்களுக்குப் பந்தயம் நடத்தும் எங்கள் சங்கத்தில், எந்த வண்டி எந்த வகுப்பில் ஓடலாம் என்று பார்த்துச் சொல்லும் வேலையை அவர் இருபத்து மூன்று வருடம் செய்தார். அத்தனை வருடத்தில் அவர் தீர்ப்பை எதிர்த்து எழுதிக் கொடுத்தவர் ஒருவர்கூட இல்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவர் பிழைப்பே அளப்பதுதான். இயந்திர உறுப்புகள் செய்யும் தொழிற்சாலையில் கடைசி மேசை அவருடையது. மயிரிழை தப்பினாலும் உறுப்பைத் தூக்கிக் கழிவுத் தொட்டியில் போட்டுவிடுவார். வீட்டிலும் அதே ஆள்தான். பட்டாணி சூப்பில் கேரட் துண்டுகள் ஒரே அளவில் இல்லையென்றால் கரண்டியால் ஒதுக்கிவைப்பார். மனைவி கோதெலீவ் கல்யாணமான புதிதில் அழுதாள், பிறகு சிரிக்கக் கற்றுக்கொண்டாள்.

எங்கள் சங்கத்தில் மூத்த வகுப்பு என்பது 1967 முடிவதற்குள் செய்த வண்டிகளுக்கு. அந்தக் கால வண்டியில் பின்சக்கரம் மேலும் கீழும் அதிகம் அசையாது. மேட்டில் பறந்து இறங்கினால் முதுகெலும்பு பதில் சொல்லும். பிற்கால வண்டிகளின் சக்கரம் தாராளமாக அசையும், மணலில் மெத்தைமேல் போவதுபோல் போகும். பழைய வண்டியில் புதுக்கால அதிர்வுதாங்கியைத் திருட்டுத்தனமாக மாட்டினால் மற்றவர்களுக்கு நியாயமில்லை. அதனால்தான் விதி: பின்சக்கரத்தின் அசைவு நூறு மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பிற்கால வண்டிகளின் வகுப்புக்குப் போய் ஓட்டலாம். அங்கிருந்து யாரும் இங்கே இறங்கி வர முடியாது.

1991இல் பொறுப்பேற்றதும் ஃபிர்மின் ஒரு கோல் செய்தார். நல்ல பீச் மரம், இரண்டு முனையிலும் பித்தளைப் பூண். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைத் தொங்கவிட்டு ஒரு கோடு, முட்டும்வரை தூக்கி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் கோலை வைப்பார். கோலுக்குள் அடங்கினால் மூத்த வகுப்பு. அடங்காவிட்டால் ஒலிபெருக்கியை எடுத்து அவரே அறிவிப்பார். பட்டியல் மாறுவது மைதானத்தில் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பது சங்கத்து வழக்கம்.

அந்தக் கோலை அவர் தன் இரும்பு ஸ்கேலை வைத்துத்தான் குறித்தார். ஸ்கேலின் முனை எப்போதும் தேய்ந்திருக்கும், அதை நம்பக் கூடாது என்பது தொழிற்சாலைப் பாடம். கவனமுள்ளவன் பத்தாவது கோட்டிலிருந்து தொடங்குவான், கடைசியில் பத்தைக் கழித்துக்கொள்வான். ஃபிர்மின் வாழ்நாளில் ஒருமுறைகூட முனையிலிருந்து அளந்ததில்லை.

1996 செப்டம்பரில் ஒரு ஞாயிறு காலை யூல் கோபென்ஸ் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். யூலும் அவர் அண்ணன் ரெமியும் பள்ளி நாளிலிருந்து ஃபிர்மினின் கூட்டாளிகள். சகோதரர்கள் இரண்டு பேரும் மூத்த வகுப்பில் ஓட்டுவார்கள். யூலின் பழைய அதிர்வுதாங்கி எண்ணெய் கசிந்ததால், தன்னிடமிருந்த 1966ஆம் வருடத்து ஜோடியை ரெமிதான் முந்தின வாரம் மாட்டிக் கொடுத்திருந்தார்.

ஃபிர்மின் கோலை வைத்தார். இரண்டு கோட்டுக்கும் நடுவில் கோல் ஆடியது.

"அடங்கல யூல். ஆறு மில்லி தாண்டுது."

"என்னப்பா சொல்ற? நேத்து நானே டேப் வச்சுப் பாத்தேன். தொண்ணூத்தாறு இருந்துச்சு."

"எந்த டேப்பு? தக்காளிச் செடிக்குக் குழி அளக்கிறியே, அதுவா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். யூலும் பாதி சிரித்தார்.

"விளையாடாத ஃபிர்மின். ஒரே ஒரு தடவை டேப்ப வச்சுப் பாரேன்."

"எதுக்கு? உன் டேப்பு தப்புன்னு இன்னொரு தடவை தெரிஞ்சிக்கவா? பிற்கால வகுப்புல ஓட்டு, போ. பின்னாடி ஆள் நிக்கிறாங்க."

யூல் வண்டியைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தார். ஃபிர்மின் ஒலிபெருக்கியில் சொன்னார்: "முப்பத்தெட்டாம் நம்பர், யூல் கோபென்ஸ். பின்சக்கரம் அளவுக்கு மேல. மூத்த வகுப்புக்குத் தகுதி இல்லை." உருளைக்கிழங்கு வறுக்கும் வண்டி முன்னால் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு நடந்ததை ஃபிர்மின் பரிசோதனைக் கூடாரத்திலிருந்தே கேட்டார். வேன் பக்கத்தில் யூல் அண்ணனைப் பிடித்துக்கொண்டார்.

"எதைக் கொண்டாந்துடா என் வண்டில மாட்டின?"

"சத்தியமா அறுபத்தாறுதான் யூல். என் பழைய வண்டில இருந்ததைத்தான் கழட்டிக் கொடுத்தேன்."

"அப்ப ஃபிர்மின் பொய் சொல்றானா? ஊரு முன்னாடி என்னைத் திருடனாக்கிட்டியே."

"ஃபிர்மின் சொல்றது உனக்கு வேதம். கூடப் பொறந்தவன் சொல்றது குப்பை. அப்படித்தானே?"

"அவன் கோலு பொய் சொல்லாது. நீ சொல்லுவ."

யூல் அண்ணனை மைதானத்திலேயே விட்டுவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போனார். அன்றோடு சரி. யூல் அந்த வண்டியில் பிறகு ஏறவே இல்லை. ரெமியும் அடுத்த வருடம் சங்கத்தை விட்டார். சந்தையில் எதிரெதிரே வந்தால் ஒருவர் சாலையைக் கடந்துவிடுவார். ஃபிர்மினுக்கு வருத்தம்தான். ஆனால் ரெமி அப்படிச் செய்திருக்க வேண்டாம் என்று கோதெலீவிடம் பலமுறை சொன்னார். 2010இல் ரெமி கணையப் புற்றுநோயில் இறந்தபோது ஃபிர்மின் அடக்கத்துக்குப் போனார். காப்பி குடித்தார், பன்றி இறைச்சி வைத்த பன் இரண்டு சாப்பிட்டார். யூல் வரவில்லை.

2014 வசந்தத்தில் முழங்கால் வலி தாங்காமல் ஃபிர்மின் பொறுப்பை விட்டார். பேருந்து ஓட்டுநர் லுட்கார்ட் அந்த இடத்துக்கு வந்தாள்.

"ஃபிர்மின், ஒரே கோலை வச்சு வரிசை நகரவே மாட்டேங்குது. உங்க கையால இன்னொண்ணு செஞ்சு கொடுங்களேன்," என்றாள்.

அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. நிலவறைக்குப் போய் அதே பீச் மரத்தில், அதே ஸ்கேலில், பத்திலிருந்து தொடங்கிக் குறித்து, பூண் போட்டார். பழையதையும் புதியதையும் மேசையில் நிறுத்திப் பார்த்தார். புதியது உயரமாக இருந்தது.

கிழவனாகிவிட்டேன், கை தவறுகிறது என்றுதான் முதலில் நினைத்தார். புதிய கோலை அளந்தார். நூறு. மறுபடி அளந்தார். நூறு. பழைய கோலை அளக்க ஏனோ கை வரவில்லை. கடைசியில் ஸ்கேலின் பத்தாவது கோட்டில் அதன் அடியை வைத்தார். மேல்முனை சரியாக நூறாவது கோட்டில் வந்து நின்றது.

பத்திலிருந்து நூறு. தொண்ணூறு மில்லிமீட்டர். தேய்ந்த முனையை நம்பாமல் பத்திலிருந்து தொடங்கியவர், அன்றைக்கு அந்தப் பத்தைக் கூட்டி நூற்றுப்பத்தில் குறிக்க மறந்திருக்கிறார். விதி சரி. கோல் தவறு. பெரும்பாலான வண்டிகள் எண்பது சொச்சத்தில் அடங்கிவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை. கோலைத் தாண்டிய ஐந்தாறு பேர் வாயைத் திறக்காமல் அதிர்வுதாங்கியில் வளையம் போட்டு அசைவைக் குறைத்துக்கொண்டார்கள். டேப் வைத்துப் பார் என்று கெஞ்சியது யூல் ஒருவர்தான்.

ஃபிர்மின் நிலவறைப் படியில் உட்கார்ந்து அழுதார். கோதெலீவ் வந்து பார்த்தாள். அவர் இரண்டு கோல்களையும் காட்டினார். அவள் இந்த முறை சிரிக்கவில்லை.

"யாருக்கும் தெரிய வேணாம்னு பழைய கோலை அடுப்புல போட்டுரலாம்," என்றார்.

"போடலாம். அப்புறம் ரெமியை என்ன பண்றது?"

மூன்று நாள் அவர் வெளியே போகவில்லை. நான்காம் நாள் காலை இரண்டு கோல்களையும் ஸ்கேலையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு யூல் வீட்டுக்குப் போனார். யூல் கொட்டகையில் பீன்ஸுக்குக் கம்பு நறுக்கிக்கொண்டிருந்தார். பதினெட்டு வருடத்தில் மரியாதைக்குத் தலையசைத்துக்கொள்வதைத் தவிர இருவருக்கும் பேச்சில்லை.

ஃபிர்மின் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னார். யூல் கோல்களை வாங்கிப் பார்த்தார், ஸ்கேலில் வைத்துப் பார்த்தார். பிறகு கொட்டகை மூலைக்குப் போய்ப் பழைய தார்ப்பாயை உருவினார். அந்த ஞாயிற்றுக்கிழமை மணல்கூட இன்னும் வண்டிச் சக்கரத்தில் ஒட்டியிருந்தது.

"அள."

இருவரும் கிழட்டுக் கைகளால் ஸ்பிரிங்கைக் கழற்ற ஒரு மணி நேரம் ஆயிற்று. யூல் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தார். ஃபிர்மின் கோடு போட்டு அளந்தார்.

"எவ்ளோ?"

"தொண்ணூத்தாறு."

யூல் சக்கரத்தை மெதுவாகக் கீழே விட்டார்.

"ரெமி ஆஸ்பத்திரிலேருந்து ஆள் அனுப்பினான். ஒரு தடவை வந்துட்டுப் போன்னு. முதல்ல மன்னிப்புக் கேக்கச் சொல்லுன்னு திருப்பி அனுப்பிட்டேன்."

ஃபிர்மின் ஸ்கேலைக் கீழே வைத்தார். "யூல், என்ன சொல்றதுன்னே எனக்குத் தெரியல."

"என்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். மேலங்கிய மாட்டிக்கிட்டு என்கூட வா."

கல்லறைத் தோட்டம் நடந்துபோகும் தூரம்தான். யூல் முன்னால் நடந்தார். ஆனால் உள்ளே போனதும் எந்த வரிசை என்று தெரியாமல் நின்றுவிட்டார். அண்ணன் கல்லறைக்கு வழிகாட்டியது ஃபிர்மின்தான். சாம்பல் நிறக் கல், ரெமியின் பெயர், ஒரு காய்ந்த செடி. யூல் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"சொல்லு அவன்கிட்ட."

ஃபிர்மின் குனிந்து, உதடு மட்டும் அசைய, "தொண்ணூத்தாறு, ரெமி," என்றார்.

"சத்தமாச் சொல்லு. அன்னிக்கு மைக்கிலதானே சொன்ன."

இரண்டு வரிசை தள்ளி ஒரு பெண் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஃபிர்மின் நிமிர்ந்து நின்றார்.

"முப்பத்தெட்டாம் நம்பர். யூல் கோபென்ஸ். பின்சக்கரம் தொண்ணூத்தாறு. மூத்த வகுப்புக்குத் தகுதி உண்டு."

அந்தப் பெண் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு அவர்களையே பார்த்தாள். யூல் கல்லின்மேல் கையை வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை," என்றார்.