அளவு ஜாக்கெட்

எனக்குத் தையல் பைத்தியம் பிடித்தது கல்யாணமாகி நான்கைந்து வருடம் கழித்துத்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. காந்திபுரத்தில் ஒரு டெய்லர் என் பட்டு ஜாக்கெட்டின் கழுத்தைக் கோணலாக வெட்டிவிட்டு, "உங்க தோளுதானுங்க கோணலு" என்று என்னிடமே சொன்னான். வீட்டுக்கு வந்து அந்த ஜாக்கெட்டைத் தையல் தையலாகப் பிரித்தேன். முன்பக்கம், முதுகு, கை, பட்டி என்று ஒவ்வொரு துண்டையும் செய்தித்தாள் மேல் வைத்துப் பென்சிலால் வரைந்தேன். இனி வேறொருவன் தைத்த துணி என் மேல் ஏறக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். எனக்குக் கோபம் வந்தால் சில சமயம் இப்படி உருப்படியாகவும் ஏதாவது நடக்கும்.

தொண்ணூறுகளில் நாங்கள் சிங்காநல்லூரில் குடியிருந்தோம். முதல் ஷிப்டுக்குச் சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே என் வீட்டுக்காரர் மில்லுக்குப் போய்விடுவார். பாத்திரம் கழுவி முடித்தால் பகல் முழுக்க நானும் என் மெஷினும்தான். தெருவில் பலரும் தைத்துக் கொடு என்று கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். கூலிக்குத் தைத்தால் அவர்கள் சொல்கிறபடி வெட்ட வேண்டும். எனக்கு என் இஷ்டப்படி வெட்டத்தான் பிடிக்கும். வாங்கி வந்த பிட்டுத் துணியைத் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்து, நூல் ஓட்டம் பார்த்து, அதன் பிறகுதான் கத்தரி வைப்பேன். ஒரு கை சரியாக உட்காரவில்லை என்றால் நான்கு தடவை பிரிப்பேன். சோறு குழைந்து போனாலும் அசைய மாட்டேன்.

இரண்டு பேருக்கு மட்டும் தைத்தேன். ஒன்று எனக்கு. இன்னொன்று என் அக்காவுக்கு.

அக்கா என்னைவிட எட்டு வயது பெரியவள். இரண்டு தெரு தள்ளி வீடு. மாமா வடக்கே போகும் லாரியில் டிரைவர். போனால் இருபது நாள், இருபத்தைந்து நாள் ஆகும் திரும்பி வர. ஒரே மகளைக் கோபிசெட்டிபாளையத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஆக, அக்கா தனியாகப் பொங்கி, தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தினமும் பதினொரு மணிக்கு என் வீட்டுக்கு வந்துவிடுவாள். நான் தைப்பேன், அவள் கொக்கி வைத்துக் கொடுப்பாள். ஊர்க்கதை ஒன்று விடாமல் பேசுவோம்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் தைக்கக் கொடுக்கும்போது உடம்பில் டேப் வைக்க விட மாட்டார்கள். நன்றாக உட்கார்ந்த பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்து, "இதே அளவுங்க" என்பார்கள். அதுதான் அளவு ஜாக்கெட். நானும் அப்படித்தான் பழகியிருந்தேன். அக்காவுக்கு முதன்முதலில் தைத்துக் கொடுத்ததற்கு மார்பு முப்பத்தாறு. அதன் பிறகு அவளை டேப் வைத்து அளந்ததே இல்லை. கடைசியாகத் தைத்தது எதுவோ அதை விரித்து, அதன் மேல் புதுத் துணியை வைத்து வெட்டுவேன்.

ஒரு வருடம் சித்திரையில், பக்கவாட்டில் கொஞ்சம் பிடித்துக் கொடு என்றாள். அரை அங்குலம்தான். உள்பக்கம் ஒரு தையல் ஓட்டிக் கொடுத்தேன். வெயிலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்றாள். கோயமுத்தூர் வெயிலில் யாருக்குத்தான் இறங்குகிறது என்று நானும் விட்டுவிட்டேன். பிடித்த அந்த ஜாக்கெட்டே அடுத்ததற்கு அளவு ஆனது.

ஆடியில் புதிதாகத் தைத்த மாம்பழ நிற ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். "அம்மணி, தோளு நிக்க மாட்டேங்குது பாரு. எறங்கி எறங்கி வருது."

"அளவு ஜாக்கெட்டு மேல வெச்சுத்தானுங்க்கா வெட்டினேன். நூல் பெசகுல."

"பெசகாமயா இப்படித் தொங்குது?"

மறுபடியும் பிடித்துக் கொடுத்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கொடுத்தேன். உள்ளுக்குள் எனக்கு உறுத்தியது என் தையல் மட்டும்தான். செய்தித்தாளில் வரைந்த பழைய வெட்டுகளை எடுத்துப் போட்டு, தோள் சரிவில் தப்பா, கை வளைவில் தப்பா என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். தண்ணீர் பட்ட பருத்தித் துணி சுருங்குமே தவிர வளராது. எந்தத் தையல்காரிக்கும் தெரிந்த சங்கதி இது. துவைக்கத் துவைக்கத் துணி இறுக வேண்டும். அக்காவின் ஜாக்கெட் எல்லாம் தளர்ந்துகொண்டே போனது. என் எதிரில் நின்று அதைப் போட்டுக்கொண்டிருந்தவளை மட்டும் நான் பார்க்கவில்லை.

சேலை ஒரு பொல்லாத உடுப்பு. எந்த உடம்பையும் சுற்றி மூடிவிடும். இரண்டு கொசுவம் கூடுதலாக வைத்தால் இளைத்தது தெரியாது. தெருவில் பார்த்தவர்கள் அக்காவிடம், "வயசு கொறஞ்ச மாதிரி ஒட்டிக் கெடக்கறீங்களே, என்னுங்க சாப்பிடறீங்க?" என்று கேட்டார்கள். அவளும் சிரித்துக்கொண்டு, "மோருதானுங்க" என்பாள். அது நிஜம். மோரைத் தவிர வேறு எதுவும் அவள் வயிற்றில் தங்கவில்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

புரட்டாசியில் பெரிய சண்டையாகிவிட்டது. நான் பார்த்துப் பார்த்துக் கழுத்துக்குப் பைப்பிங் வைத்துத் தைத்த ஜாக்கெட். அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, பக்கவாட்டுத் துணியைக் கையில் பிடித்து என் முன்னால் நீட்டினாள்.

"உனக்குக் கை போயிருச்சு அம்மணி. கண்ணும் போயிருச்சாட்டம் இருக்குது. ஒரு கண்ணாடி போட்டுக்கோ."

எனக்கு மூக்கு நுனியில் கோபம். "தெக்கத் தெரியாதவகிட்ட எதுக்குங்க்கா வர்றீங்க? காசு குடுத்து நல்ல டெய்லரா பாத்துத் தெச்சுக்குங்க. தீவாளிக்கு என்னால ஆவாது" என்றேன்.

அக்கா, "செரி, அப்படியே செஞ்சுக்கறேன்" என்று சொல்லிப் போய்விட்டாள். நிஜமாகவே போனாள். காந்திபுரத்தில் மாடியில் கடை வைத்திருந்த ஒரு டெய்லரிடம், டேப் வைத்து அளவு எடுக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். தீபாவளியன்று அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். தைத்து ஒட்டியது போல் கனகச்சிதமாக இருந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. பல மாதங்களாக நான் பார்க்காத தெளிச்சி.

"பாத்தியா, எவ்வளவு செரியா நிக்குது" என்று என்னைச் சுற்றி ஒரு வட்டம் வந்தாள்.

எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்கவும் இல்லை. முறுக்குத் தட்டை அவள் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து உள்ளே போனேன். அதன் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் நான் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. அவளும் பதினொரு மணிக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

கார்த்திகைக் கடைசியில் அன்னூர்ப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. மண்டபத்தில் அக்காவைப் பார்த்தேன். அதே தீபாவளி ஜாக்கெட். வலது தோளில் இருந்து வழிந்து கையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் அதுதான் உண்மை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பந்திக்குக் காத்திருந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் எங்களைச் சுற்றி இருந்தார்கள். நான் நேராகப் போய் அக்காவின் பக்கவாட்டில் இரண்டு விரலால் துணியைப் பிடித்துக் கிள்ளி இழுத்தேன். மூன்று விரற்கடைத் துணி என் கையில் வந்தது.

"பாருங்க, டேப்பு வெச்சு அளந்து தெச்ச டெய்லரு ஜாக்கெட்டு! இதுக்குள்ள இன்னொருத்தரு பூந்துக்கலாம் போலிருக்குதுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். துணியைப் பிடித்திருந்த என் விரல் கணுவில் அவள் விலா எலும்பு இடித்தது. ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாகத் தெரிந்தது. கவனித்தேனா என்று கேட்டால், கவனித்தேன். ஜெயித்த மிதப்பில் அது மனதில் ஏறவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம் வாய் ஓயாமல் அந்தக் கதையைச் சொன்னேன். அவருக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. காபியைக் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"ஏம்மணி, நீ தெச்சதும் லூசு, அந்த டெய்லரு தெச்சதும் லூசு. அப்பறம் தப்பு துணிலயா இருக்கும்?"

டேப்பை எடுத்துக்கொண்டு அந்த நிமிடமே அக்கா வீட்டுக்கு ஓடினேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என் கையில் டேப்பைப் பார்த்ததும் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கிக் கொடுத்தாள். முப்பத்தொன்று. தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று மறுபடி சுற்றினேன். அதே முப்பத்தொன்று. சமையலறையில் சோற்றுப் பானை கவிழ்த்த வாக்கில் காய்ந்து கிடந்தது.

மாமாவுக்குத் தகவல் சொல்லி வரவழைத்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். வாய் வழியாக வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். டாக்டர் எங்களை உட்கார வைத்து, "எத்தனை மாசமா எளைக்கறாங்க?" என்று கேட்டார். மாமா விழித்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும். நான் சொன்னேன்.

"சித்திரைலிருந்துங்க. அப்ப அரை இஞ்ச்சு. ஆடில ஒண்ணரை. புரட்டாசில மூணு. இப்ப அஞ்சு இஞ்ச்சுங்க."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க நர்ஸுங்களா?"

"இல்லீங்க. ஊட்டுல சும்மா துணி தெப்பனுங்க."

"இவ்வளவு சரியாத் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க. ஏங்க அப்பவே கூட்டிட்டு வரல?"

இரைப்பையில் கட்டி, மற்ற இடங்களுக்கும் பரவிவிட்டது, இனிமேல் அறுத்துப் பிரயோசனம் இல்லை என்றார். ஆடியில் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார். ஆடி என்றதும் மாம்பழ நிறத் துணியும், நான் தூக்கி வைத்திருந்த மூஞ்சியும்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

வார்டில் அவளோடு பகல் முழுக்க நான்தான் இருந்தேன். கோபியிலிருந்து மகள் வருவாள், அழுவாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போவாள். ஒரு மத்தியானம் அக்காவுக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு ஸ்பூன் போனதும் கையால் தடுத்தாள். எனக்கு அடக்க முடியவில்லை. அவள் படுக்கையின் மேலேயே தலை சாய்த்து அழுதேன்.

"அன்னிக்கு மண்டபத்துல உங்களை அத்தனை பேரு முன்னால அப்படிப் பேசிப்போட்டனேங்க்கா. என்னை ரெண்டு அறை அறைஞ்சிருக்கக் கூடாதா?"

"எதுக்கு? நீ சொன்னது நெசந்தான."

"அவ்வளவு வலி இருந்துச்சு, சாப்பிட்டது எல்லாம் வாந்தி. ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லலியே. ஜாக்கெட்டுக்குத்தான எங்கூட மல்லுக்கட்டுனீங்க."

பேசினால் மூச்சு வாங்கும் அவளுக்கு. விட்டு விட்டுத்தான் பேசினாள்.

"பயமா இருந்துச்சு அம்மணி. லூசா இருக்கறதுக்கு உன்ற தையலு காரணமா இருந்தா, எனக்கு ஒண்ணுமில்லைன்னு ஆயிரும் பாரு. அதுக்குத்தான் உன்னைத் திட்டித் திட்டிப் பாத்தேன். டெய்லருகிட்டப் போனதும் அதுக்குத்தான். தீவாளிக்கு அவன் தெச்சது செரியா நின்னப்ப எனக்கு உசுரே வந்துச்சு. உனக்குத் தெக்கத் தெரியலை, அவ்வளவுதான்னு நெனச்சுக்கிட்டேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ ஒரு தடவையாச்சும், ஆமாங்க்கா, நாந்தான் தப்பா வெட்டிப்போட்டேன்னு சொல்லுவியான்னு பாத்தேன். சொல்லவே மாட்டேன்னுட்டியே கண்ணு."

பங்குனியில் அவள் போய்விட்டாள். மெஷின் இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போதும் எனக்கு நானே தைத்துக்கொள்கிறேன். பழக்கம் விடவில்லை. என் வெட்டில் நூலளவும் தப்பில்லை என்று எட்டு மாதம் என் அக்காவோடு மல்லுக்கு நின்றேன். நான் சொன்னதுதான் சரி. என் வெட்டில் தப்பே இல்லை.